கண்டி வீதியில் ஏழு கோப்பைச் சாயம்

பிரான்ஸிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பெரியம்மாவின் மகன், உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த ஒரு சிவப்பு வைன் போத்தலை எடுத்து, மாத்தளையில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் மேசையில் வைத்தார். அது 2025 பெப்ரவரி மாதம். மாசிமகத் தேருக்கு முத்துமாரியம்மன் கோயில் தயாராகிக்கொண்டிருந்தது.

அண்ணன் பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பத்து வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறார். வைனை அவர் குடிக்கப் பழகினார் என்பதைவிட ருசி பார்க்கப் பழகினார் என்பதே சரி. லீவு கிடைத்தால் பொர்தோ பக்கம் முந்திரிகைத் தோட்டங்களைப் பார்க்கப் போய்விடுவார். “மெதொக் பக்கம் கூழாங்கல் நிலம். அங்க கபர்னே சோவிஞ்ஞோன்தான் கூட. நாக்கை இழுத்துப் பிடிக்கும். தொர்தோஞ் ஆத்துக்கு வலப்பக்கம், சந்தெமிலியோனில, களியும் சுண்ணாம்பும். அங்க மெர்லோ. அது மெதுவா இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு குடிச்சாலும் எந்தக் கரை எண்டு சொல்லுவன்” என்றார்.

எங்கள் சமூகத்தில் வைனைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சம் உண்டு. கசிப்பும் சாராயமும் தோட்டங்களிலும் வன்னியிலும் செய்யும் கேட்டை நாங்கள் அறிவோம். யாழ்ப்பாணத்தில் பலருக்கு வைன் என்றதும் நினைவுக்கு வருவது தோலகட்டி செபமாலைத் தாசர் மடத்தின் முந்திரிகை வைனும் நெல்லிரசமும்தான். அந்த மடமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு இடம்பெயர்ந்ததை வலிகாமம் வடக்கு மக்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே அண்ணன் பேசியதை நான் ரசித்துக் கேட்டேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். அம்மாயி பிறந்த இந்த மாவட்டத்துத் தேயிலையின் ருசி என்ன?

அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அடுத்த மூன்று நாட்களும் அந்தக் கேள்வியோடுதான் அலைந்தோம். அதில் அறிந்தவற்றைத் தேயிலையை அறிய விரும்புகிறவர்களுக்கும், மாத்தளைப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மாத்தளை எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் ஏ9 பாதைக்குக் கண்டி வீதி என்று பெயர். 2002 இல் திறந்ததும் 2006 ஓகஸ்டில் மூடப்பட்டதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வீதி வவுனியாவையும் தம்புள்ளையையும் தாண்டிக் கண்டியைத் தொடுவதற்கு முன் மாத்தளை நகருக்குள்ளால் போகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மாத்தளையிலிருந்து கண்டி சுமார் 26 கிலோமீற்றர்தான்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைநாட்டுக்குள் நுழைந்த வாசல் இதுதான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். நடந்து வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட அம்மன்தான் இன்று நகர நடுவில் பெரிய கோபுரத்தோடு நிற்கிறாள். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் பாதை 1880 இல் வந்தது. அப்போது கோப்பி அழிந்துகொண்டிருந்தது. 1869 இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அதை அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

எங்கள் அம்மாயி ரத்தோட்டைப் பக்கத்து லயன் ஒன்றில் பிறந்தவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது சிறுமி. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. கண்டி, மாத்தளைப் பக்கங்களில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் ரேஷனும் இல்லாமல் சனம் பட்டினி கிடந்தது. 1977 ஓகஸ்ட் வன்முறைக்குப் பிறகு அம்மாயி பிள்ளைகளோடு கிளிநொச்சிக்கு வந்துவிட்டார். அப்படி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களதும் ஒன்று. அந்தக் குடும்பங்கள் 2009 இல் எங்கே நின்றன என்பதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அம்மாயி செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் காலமானார். வன்னியில் கடைசி மாதங்களில் ஒரே தேயிலையை மூன்று தரம் கொதிக்க வைத்துக் குடித்தோம். மூன்றாம் தரம் நிறம் மட்டும்தான் இருக்கும். “இது சாயமில்ல, சாயம் கழுவின தண்ணி” என்பார். மலையகத்தில் வெறும் தேத்தண்ணிக்குச் சாயம் என்றும் பெயர்.

வைனும் தேயிலையும்

இரண்டையும் ஒப்பிடுவது வெறும் ஆசைக்காக அல்ல. சிவப்பு வைனில் நாக்கை உலர்த்தும் துவர்ப்பு முந்திரிகைப் பழத்தின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. தேயிலையின் துவர்ப்பும் அதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்த பொலிபீனோல்களின் வேலைதான். அவை உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் காய்கிறது. தேநீரில் பால் விட்டால் துவர்ப்புக் குறைவதற்கும் காரணம் இதுவே. பாலின் புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பிடித்துவிடுகிறது.

நிறம் மட்டும் வேறு வழியில் வருகிறது. வைனின் சிவப்பு பழத்தோலின் நிறம். கொழுந்து பச்சை. அதைப் பல மணி நேரம் வாடவைத்து, உருளையில் அரைத்து, காற்றுப்பட விரித்து வைக்கும்போது பச்சை செம்பாகிறது. அப்போது இரண்டு வகைப் பொருட்கள் உண்டாகின்றன. தியாபிளேவின் என்பது பொன்னிறமும் விறுவிறுப்பும் தருகிறது. தியாருபிஜின் என்பது சிவப்பும் கனமும் தருகிறது. சரியான நேரத்தில் அடுப்பில் போட்டு நிறுத்தினால் இரண்டும் அளவாக இருக்கும். நிறுத்தப் பிந்தினால் நிறம் கறுத்து உயிர் போய்விடும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும்.

பிரான்ஸில் வைன் போத்தலில் ஊரின் பெயரைப் போடுவதற்குச் சட்டம் இருக்கிறது. இன்ன எல்லைக்குள் விளைந்த, இன்ன முறையில் செய்த வைனுக்குத்தான் அந்தப் பெயர். 1935 இலிருந்து அதற்கென்று அரச அமைப்பே உண்டு. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும் ஏறக்குறைய இப்படித்தான். முழுவதும் இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதிசெய்த தேயிலைக்குத்தான் அது கிடைக்கும். அதற்குள் ஏழு பிரதேசப் பெயர்கள் இருக்கின்றன. மாத்தளை அவற்றில் இல்லை. மாத்தளைத் தேயிலை கண்டி என்ற பெயருக்குள் அடங்கிப் போகிறது. வீதியிலும் கண்டி, பொதியிலும் கண்டி என்று அண்ணன் சிரித்தார்.

ஏழு பெயர்கள்

கடைக்குப் போகும்போது உதவும் என்பதால் சுருக்கமாகத் தருகிறேன். 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 1,200 வரை நடுநிலம். அதற்கு மேல் உயர்நிலம்.

நுவரெலியா மிக உயரமானது. வெளிறிய பொன்னிறம், பூ மணம், மெல்லிய உடம்பு. பால் ஊற்றினால் வீண்.

திம்புள்ள, ஹற்றன் – தலவாக்கலைப் பக்கம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை குளிர்ந்த, காய்ந்த காலநிலையில் எடுத்த கொழுந்து மிகச் சிறந்தது. தெளிந்த செம்பொன் நிறம், சுத்தமான துவர்ப்பு.

ஊவா, பதுளைப் பக்கம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் உலர்ந்த காற்றில் கொழுந்து இறுகி, ஒருவித பச்சைக் கற்பூர வாசம் பிடிக்கும். மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்லும் காற்றுத்தான் அது.

உடப்புசல்லாவ, நுவரெலியாவுக்குக் கிழக்கே. நுவரெலியாவைவிடக் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் கனம்.

கண்டி, நடுநிலம். செம்பு நிறம், வட்டமான ருசி. மாத்தளை இதற்குள்.

சப்ரகமுவ, ருஹுண இரண்டும் தாழ்நிலம். கடுஞ்சிவப்பு, கனம். நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் தாழ்நிலத்திலிருந்துதான் வருகிறது. பெரும்பகுதியைச் சிறு காணிக்காரர் வளர்க்கிறார்கள். மத்திய கிழக்கு நாடுகள் விரும்பி வாங்குவதும் இதைத்தான்.

பொதியில் உள்ள பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., ஓ.பி., டஸ்ட் போன்ற எழுத்துகள் இலைத் துண்டின் அளவையும் தோற்றத்தையும் குறிப்பவை. ருசிக்குக் கொடுத்த புள்ளி என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

ரத்தோட்டை லயத்தில்

கண்டியில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் ஏழு பிரதேசத்துப் பொதிகளையும் தேடி வாங்கினோம். ரத்தோட்டைக்கு மேலே அம்மாயியின் தூரத்து உறவான ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்தவர். அந்தத் தொழிற்சாலை இப்போது இயங்குவதில்லை. தேயிலை நின்ற சரிவுகளில் பாதி மிளகும் பற்றைக்காடுமாகக் கிடக்கிறது.

“வாங்க தாயி. எல்லாம் ஒங்க அம்மாயி மூஞ்சி” என்றார். பொதிகளைக் கண்டதும் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இம்புட்டு அழகாவா கட்டி விக்கிறாங்க?”

தேயிலை சுவைப்பவர்கள் பின்பற்றும் சர்வதேச முறை ஒன்று இருக்கிறது. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடிய பாத்திரத்தில் 6 நிமிடம். சீனி இல்லை. பிறகு வடித்து, நிறம் பார்த்து, ஊறிய இலையை மணந்து, ஒரு வாயைச் சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுக்கப் படவிட்டுத் துப்பிவிடுவார்கள். உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போவதால் மணம் மூக்கின் பின்பக்கம் ஏறும். வைன் சுவைப்பதும் இப்படித்தான் என்றார் அண்ணன். எங்களிடம் தராசு இல்லை. மட்டமாக ஒரு தேக்கரண்டி போட்டோம். ஏழு கிளாஸ்களுக்கு அயல் வீடுகளிலும் கேட்டோம். எந்தக் கிளாஸில் எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

பாட்டி துப்ப மறுத்துவிட்டார். “தேத்தண்ணிய யாராச்சும் துப்புவாங்களா?” என்றார். அவர் முதலில் குடிக்கவும் இல்லை. ஊறிய இலையை உள்ளங்கையில் எடுத்து மணந்தார்.

நுவரெலியாவை உடனே ஒதுக்கினார். “இது குளுரு பக்கத்து எல. பவுசா இருக்கு, பசிக்கு ஆகாது.” திம்புள்ளயை மணந்து, ஒரு வாய் குடித்து, தலையை ஆட்டினார். ஊவாவுக்கு “தைலம் மாதிரி” என்றார். சப்ரகமுவவை ஒரு வாயோடு வைத்துவிட்டார். ருஹுணவைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோசம். “இதுக்குத்தான் பால் ஊத்தணும். இது தேத்தண்ணி.” உடப்புசல்லாவயில் தடுமாறினார். நானும் அண்ணனும்கூடத் தடுமாறியிருப்போம். கண்டிப் பொதியின் இலையை மணந்தபோது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தார்.

“இது நம்ம பக்கத்து எல. ஆனா சரியா வாடல. அவசரத்துல அரைச்சிட்டாங்க.”

அந்தப் பொதியில் தோட்டத்தின் பெயர் இல்லை. அவர் சொன்னது சரியா என்று பார்க்க எங்களுக்கு வழியும் இல்லை. ஆனால் அண்ணன் அதுவரை பேசிய கூழாங்கல், களி, கரை எல்லாம் நிலத்தைப் பற்றியது. பாட்டி ஒரு மணத்திலிருந்து வேலையைப் படித்தார். எந்த அறையில், எந்த மணி நேரத்தில், யாருடைய கை அவசரப்பட்டது என்பதை.

எட்டாவதாக, பாட்டியின் தகரப்பேணியில் இருந்த டஸ்ட் தூளைப் போட்டோம். அவர் நாளாந்தம் குடிப்பது அது. நிமிடத்தில் கறுத்துச் சிவந்தது. துவர்ப்பும் நிறமும் தவிர வேறொன்றும் இல்லை. நல்ல டஸ்ட் தேயிலை உலகத்தில் இருக்கிறது. அந்தப் பேணியில் இருந்தது அதுவல்ல. சலிக்கும் அறையில் நல்ல தூளைத் தரம் பிரித்த கையால் வாழ்நாள் முழுக்கக் குடித்தது இதைத்தானா என்று கேட்டேன். “நல்லத மேல அனுப்பிருவோம். அதானே வேல?” என்றார்.

இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. கொழும்பு ஏலம் 1883 இல் தொடங்கியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. நாங்கள் கொண்டுபோன பொதிகளில் ஒன்றின் விலையைப் பாட்டி கேட்டார். நான் குறைத்துச் சொன்னேன். அதற்கே வாயில் கை வைத்தார்.

எங்கள் தீர்ப்பு

அண்ணனுக்கு நுவரெலியா. பூர்கோஞ் பக்கத்துப் பினோ நுவார் வைனைப் போல, நிறத்தில் மெலிந்து மணத்தில் நிற்பது என்றார். ருஹுண அவருக்குத் தெற்கு பிரான்ஸின் வெயில் பழுத்த வைன். ஊவாவுக்கு ஒப்புச் சொல்ல முடியாமல் விட்டுவிட்டார்.

எனக்குத் திம்புள்ள. அம்மாயியின் மாவட்டத்துக்காகக் கண்டியை முதலாவதாகச் சொல்ல ஆசைதான். ஆனால் அது உண்மையாக இருக்காது. அன்று குடித்த கண்டி, நடுவில் நிற்கும் ஒரு நல்ல தேநீர். மெர்லோ வைனைப் போல முரட்டுத்தனம் இல்லாமல் இறங்கியது. உயர்நிலத்தின் மணமும் இல்லை, தாழ்நிலத்தின் கடும் நிறமும் இல்லை. ஆனால் காலையில் முதல் கோப்பையாகத் தினமும் குடிக்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்கள் ஏ9 வழியாக மாத்தளை நகருக்குள் வருகின்றன. கண்டியிலிருந்து ரயில் பாதையும் உண்டு. நகருக்கு வடக்கே வீதியோரம் வாசனைத் தோட்டங்கள் நிறைய. மிளகு, ஏலம், சாதிக்காய், கொக்கோ மரங்களைச் சுற்றிக் காட்டுவார்கள். முடிவில் எண்ணெய், களிம்பு விற்பார்கள். விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தேயிலை பார்க்க இரண்டு வழிகள் நல்லவை. உக்குவளை வழியாக எல்கடுவைக்கு ஏறினால் தேயிலைச் சரிவுகளும், செம்புவத்தை வாவியும், ஹுன்னஸ் நீர்வீழ்ச்சியும் வரும். ரத்தோட்டை வழியாக ஏறினால் ரிவர்ஸ்டன் கணவாயும் நக்கிள்ஸ் மலைத்தொடரும். அந்த மலைத்தொடரின் காடு 2010 இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. காலையில் போங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும்.

லயன்களுக்குப் போவதானால் படம் எடுக்க முன் கேளுங்கள். குடும்பம் இங்கிருந்து போனது என்றால் தோட்டத்தின் பெயரையும், தெரிந்தால் பிரிவின் பெயரையும், கங்காணியின் பெயரையும் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். தோட்டப் பெயர் ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் வேறொன்றுமாக இருக்கும். தமிழ்ப் பெயரைத்தான் லயத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

பயணம் முடியாதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு பிரதேசத்துப் பொதிகள் போதும். ஒரே அளவு தூள், ஒரே அளவு தண்ணீர், ஆறு நிமிடம், சீனி இல்லாமல். ஊறிய இலையையும் மணந்து பாருங்கள். தோட்டத்தில் வேலைசெய்த ஒரு மூத்தவர் வீட்டில் இருந்தால் அவருக்கு முதலில் கொடுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அம்மாயி கிளிநொச்சி வீட்டில் புதுத் தேயிலைப் பொதியை உடைத்ததும் முதலில் மணந்துதான் பார்ப்பார். என்ன தெரிகிறது என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

மிச்சப் பொதிகள் ஏழையும் பாட்டியிடமே விட்டுவந்தோம். அண்ணன் பேணியிலிருந்த டஸ்ட் தூளில் ஒரு பிடி கேட்டு, தாளில் மடித்து வாங்கிக்கொண்டார். அவரது வைன் போத்தலை அன்றிரவும் நாங்கள் திறக்கவில்லை.